மின்தூக்கி நிற்காத ஏழாம் மாடி: இளையர்களுக்கு மாய யதார்த்தக் கதை எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் இளையர்களுக்காகத் தமிழில் எழுதப்படும் கதைகளில் ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான். இரவெல்லாம் கண்விழித்துப் படிக்க வேண்டும், அம்மாவின் காய்த்துப்போன கையைப் பார்த்துக் கண் கலங்க வேண்டும், கடைசிப் பக்கத்தில் உபகாரச் சம்பளம் வாங்க வேண்டும். வாசிக்கிற பிள்ளை இரண்டாம் பக்கத்திலேயே முடிவைக் கண்டுபிடித்துவிடுகிறான். உழைத்தால் போதும், ஏற்றத்தாழ்வைத் தாண்டிவிடலாம் என்ற அறிவுரை மட்டும் மிஞ்சுகிறது.

இந்தத் தடத்திலிருந்து விலக, நடக்கக்கூடாத ஒன்றை அன்றாட வாழ்வின் நடுவே இயல்பாக நடக்கவிடும் மாய யதார்த்தம் நல்ல வழி. ஆனால் கையாளத் தெரியாவிட்டால் அதுவும் இன்னோர் உபகாரச் சம்பளமாகிவிடும். தேர்வுக்குப் பதிலாகத் தேவதை வந்து காப்பாற்றுவாள், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றைத்தான்: ஏற்றத்தாழ்வைப் பற்றிய கதையில் மாயம் பிரச்சினையைத் தீர்க்க வரக்கூடாது. தினமும் பார்த்துப் பழகிவிட்ட ஒரு விதியைக் கண்ணில் உறுத்தும்படி காட்டுவதற்கு வர வேண்டும்.

13 முதல் 18 வயது வரையுள்ள வாசகர்களை மனத்தில் வைத்து, ஒரு சிறுகதையை இங்கேயே கட்டிப் பார்ப்போம்.

படி 1: எது மாய யதார்த்தம் என்று சோதித்துக்கொள்ளுங்கள்

இந்தப் பெயரை 1925இல் ஜெர்மானியக் கலை விமர்சகர் பிரான்ஸ் ரோ ஓவியங்களைப் பற்றிப் பேசத்தான் பயன்படுத்தினார். கியூப எழுத்தாளர் அலெஹோ கார்ப்பெந்தியர் 1949இல், லத்தீன் அமெரிக்காவின் அன்றாட வாழ்விலேயே அற்புதம் கலந்திருக்கிறது என்று வாதிட்டார். கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸின் நாவல்கள் அதை உலகறியச் செய்தன. 1982இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. வரலாறு இவ்வளவு போதும். எழுதுபவருக்கு வேண்டியது ஓர் உரைகல்.

நடக்கக்கூடாத ஒன்று நடக்கும்போது கதைமாந்தர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அலறினால் அது பேய்க்கதை. வேறோர் உலகத்துக்குள் நுழைந்து அங்குள்ள சட்டங்களைக் கற்றுக்கொண்டால் அது மிகைபுனைவு. எல்லாருடைய நெற்றியிலும் தேர்வு மதிப்பெண் எழுதியிருக்கும் நகரம் என்று எழுதினால் அது உருவகக் கதை. ஒன்றுக்கு ஒன்று என்று பொருத்திப் பார்த்தவுடன் வேலை முடிந்துவிடும். கடைசியில் எல்லாம் கனவு என்று முடித்தால் வாசகரை ஏமாற்றியதாகும். நடந்ததை நடந்ததாக ஏற்றுக்கொண்டு, அதனால் வரும் சில்லறைத் தொல்லைகளைப் பற்றி மட்டும் குறைபட்டுக்கொண்டால், நாம் தேடுகிற இடத்துக்கு வந்துவிட்டோம்.

தமிழில் இதற்கு நெருங்கிய முன்னோடி வேண்டுமென்றால் புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ இருக்கிறது. சென்னை பிராட்வே பக்கம், டிராமில் போவதா பஸ்ஸில் போவதா என்று பிள்ளை காசுக் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கும்போது கடவுள் வந்து சேர்கிறார். பிள்ளை அவர் காலில் விழுவதில்லை. இருவரும் காப்பி குடிக்கப் போகிறார்கள்; தம்முடைய வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா சேர்க்கப் பார்க்கிறார் பிள்ளை. கடவுள் வந்ததைவிட அந்த டிராம் காசுதான் கதையை நிற்க வைக்கிறது என்பது என் கட்சி. உங்கள் கதையிலும் மாயத்துக்கு முன்னால் ஒரு டிராம் காசு இருக்க வேண்டும்.

படி 2: உணர்ச்சியை விட்டுவிட்டு ஒரு விதியைப் பிடியுங்கள்

‘வறுமையின் வலி’ என்று தொடங்கினால் மாயம் ஒட்டுவதற்கு இடமே இருக்காது. வலி எங்கும் பரவிக் கிடப்பது. அதற்கு விளிம்பு இல்லை. விதிக்கு விளிம்பு உண்டு. ஒரு படிவம், ஒரு வரிசை, ஓர் எண், ஒரு கதவு என்று கையில் பிடிக்கலாம். சிங்கப்பூர் விதிகளால் ஓடும் ஊர். இந்த வகை எழுத்துக்கு இதைவிடத் தோதான ஊர் கிடைப்பது கடினம்.

நம்மைச் சுற்றிப் பாருங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் குத்தகைக் காலம் 99 ஆண்டு. சுவா சூ காங் இடுகாட்டில் 1998 முதல் புதைகுழிக்குக் கெடு 15 ஆண்டு; அதன்பின் தோண்டி எடுத்துவிடுவார்கள். உயிரோடு இருப்பவருக்கும் இறந்தவருக்கும் ஒரே நிலம்தான், ஆனால் வெவ்வேறு கெடு. இதில் கதை இல்லை என்று யார் சொல்ல முடியும்? பிடாடாரியில் இருந்த இடுகாட்டின் மேல்தான் இன்று புதிய குடியிருப்புப் பேட்டை நிற்கிறது. பீஷானுக்கும் அப்படி ஒரு முன்கதை உண்டு. 1989 முதல் நடப்பிலுள்ள இன ஒதுக்கீட்டுக் கொள்கைப்படி ஒவ்வொரு புளோக்கிலும் (அடுக்குமாடிக் கட்டடத்திலும்) இன்ன இனத்தவர் இத்தனை விழுக்காடு என்று வரம்பு உண்டு. வீட்டை விற்கப் போகும் இந்தியக் குடும்பத்துக்கு அதன் பொருள் என்ன என்று உங்கள் மாமாவைக் கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்.

பள்ளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களைத் தேர்வு மதிப்பெண்படி பிரித்த விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் 2024இல் உயர்நிலை 1இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து நீங்கிவிட்டன. இப்போது பாடத்துக்குப் பாடம் வேறு வேறு நிலைகளில் படிக்கலாம். ஆனால் பழைய பிரிவில் படித்து முடித்த அண்ணன்களும் அக்காக்களும் வீட்டில்தான் இருக்கிறார்கள். ஒரு விதி எடுக்கப்பட்ட பிறகும் சிலர் உடம்பில் அது தங்கிவிடுகிறது. மாய யதார்த்தத்துக்கு இது வளமான நிலம்.

நம் கதைக்கு நான் எடுத்துக்கொள்வது மின்தூக்கி. பழைய வீவக புளோக்குகள் பலவற்றில் முன்பு மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது; சில மாடிகளில் மட்டும் நிற்கும். மற்றவர்கள் அங்கிருந்து ஏறியோ இறங்கியோ போக வேண்டும். 2001இல் அறிவிக்கப்பட்ட மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம்தான் அதை மாற்றியது. இன்று பதினான்கு வயதிலிருக்கும் பிள்ளைக்கு இது தெரியாது. பாட்டியின் முழங்காலுக்குத் தெரியும்.

படி 3: விதியை ஒரே ஒரு சுற்று திருப்புங்கள்

ஓரறை, ஈரறை வாடகை வீடுகள் கொண்ட ஒரு பழைய புளோக். மின்தூக்கி புதுப்பிக்கப்பட்டு எல்லா மாடியிலும் நிற்கிறது. உயர்நிலை 2இல் படிக்கும் நிலா, அம்மாவோடும் பாட்டியோடும் ஏழாம் மாடியில் இருக்கிறாள். ஆனால் அவள் ஏறினால் மின்தூக்கி பழைய வழக்கப்படி ஐந்திலோ ஒன்பதிலோ நிற்கிறது.

அவ்வளவுதான் மாயம். இதற்கு மேல் ஒன்றும் சேர்க்காதீர்கள். மின்தூக்கி பேசக்கூடாது, அதற்குள் சாபமிட்ட ஆவி இருக்கக்கூடாது. புதிதாக எழுத வருபவர்கள் இங்கேதான் ஆசைப்படுகிறார்கள்: மின்தூக்கியோடு ஒரு காக்கையும், காக்கையோடு ஒரு கனவும் வந்துவிடும்.

முதலில் தோன்றும் மாயத்தை ஒதுக்கிவிடுவதும் நல்லது. துப்புரவுப் பணியாளர் மெல்ல மெல்லக் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகிறார் என்பது எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. எல்லாருக்கும் தோன்றுவதாலேயே அதை விட்டுவிடலாம்.

படி 4: மாயம் யாருக்கு நடக்கிறது, யாருக்கு நடக்கவில்லை?

இந்த வழிகாட்டியில் வேறெதையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மாயம் எல்லார் மேலும் ஒரே மாதிரி இறங்கினால் அது வானிலை. ஏற்றத்தாழ்வைச் சொல்ல வேண்டுமென்றால் மாயமே பாரபட்சம் காட்ட வேண்டும். அந்தப் பாரபட்சத்துக்கு ஒரு கணக்கு இருக்க வேண்டும். அந்தக் கணக்கு எழுதுகிற உங்களுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்திருக்க வேண்டும். வாசகருக்குச் சொல்ல வேண்டாம், அவர் கண்டுபிடிக்கட்டும்.

நம் கதையின் கணக்கு இது: வாடகை பாக்கி இருக்கும் வீட்டாருக்கு மின்தூக்கி அவர்கள் மாடியில் நிற்காது.

இந்த ஒரு வரியை முடிவு செய்தவுடன் கதை தானாகப் பெருகத் தொடங்குவதைக் கவனியுங்கள். எந்த வீட்டில் பாக்கி என்பது படிக்கட்டில் கேட்கும் காலடிச் சத்தத்தில் புளோக் முழுவதும் தெரிந்துவிடும். எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிக்குப் போன மாதம் ஏழில் நின்றது. இந்த மாதம் அவரும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார். நிலாவின் அம்மா, “படி ஏறினால் உடம்புக்கு நல்லது” என்று சொல்லி வந்தது எதனால் என்பது நிலாவுக்கு மெல்ல உறைக்கிறது. பெரியவர்கள் மூடி வைத்த பணக்கணக்கைப் பிள்ளை கண்டுபிடிக்கும் நேரம் இளையர் கதையின் மையம். உங்கள் மாயம் அந்தக் கதவைத் திறக்கிறது.

இப்போது ஷர்மிளாவைக் கொண்டுவாருங்கள். கூட்டுரிமை வீட்டில், அதாவது வசதியான தனியார் அடுக்குமாடியில், வசிக்கும் வகுப்புத் தோழி. குழுப் பாடவேலைக்காக நிலாவின் வீட்டுக்கு வருகிறாள். அவள் கூட இருப்பதால் மின்தூக்கி நேராக ஏழுக்குப் போய்க் கதவைத் திறக்கிறது. தன் மாடியின் மின்தூக்கிக் கதவு திறப்பதை நிலா பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் உள்ளேயிருந்து பார்க்கிறாள். அடுத்த வாரம் பாட்டியைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போக வேண்டும். “வருகிறாயா, சேர்ந்து படிக்கலாம்” என்று ஷர்மிளாவுக்குச் செய்தி அனுப்புகிறாள்.

ஷர்மிளா நட்புக்காக வருகிறாள். நிலா மின்தூக்கிக்காக அழைக்கிறாள். இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. பணக்காரத் தோழியைத் திமிர்பிடித்தவளாக எழுதியிருந்தால் இந்த நெருடல் கிடைத்திருக்காது. ஏற்றத்தாழ்வு நட்புக்குள் புகுந்து அதைக் கொஞ்சம் வளைத்துவிட்டுப் போவதை வில்லன் இல்லாமல்தான் காட்ட முடியும்.

படி 5: யாரும் வியக்கக்கூடாது

மாய யதார்த்தம் கெடுவது பெரும்பாலும் நடையில்தான். இப்படி ஒருவர் எழுதலாம்:

“மின்தூக்கியின் கதவு மர்மமான ஒலியுடன் திறந்தது. நிலா அதிர்ந்துபோனாள். ஐந்தாம் மாடி! இது எப்படிச் சாத்தியம்? ஏழைகளுக்கு மின்தூக்கிகூட எதிரியா என்று அவள் மனம் ஓலமிட்டது.”

ஆச்சரியக்குறியும் ஓலமும் வாசகர் செய்ய வேண்டிய வேலையைப் பிடுங்கிக்கொண்டன. இதையே இப்படிச் சொல்லலாம்:

“ஐந்தில் கதவு திறந்தது. நிலா அரிசிப் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். ஏழுக்கு முப்பத்திரண்டு படி. இருபதாவது படியின் விளிம்பு உடைந்திருக்கும். வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட பாட்டி, ‘இன்றைக்கு ஐந்தா, ஒன்பதா?’ என்றார். ‘ஐந்து, பாட்டி.’ ‘ஐந்தென்றால் பரவாயில்லை. ஒன்பதிலிருந்து இறங்கினால்தான் முட்டி போகிறது.’”

இரண்டாவதில் எண்கள் இருப்பதைப் பாருங்கள். யானைகள் பறக்கின்றன என்றால் யாரும் நம்பமாட்டார்கள், நானூற்று இருபத்தைந்து யானைகள் பறக்கின்றன என்றால் ஒருவேளை நம்புவார்கள் என்று மார்க்கேஸ் ஒரு பேட்டியில் சொன்னார். அது பத்திரிகைக்காரர்களின் தந்திரம் என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். அந்த உடைந்த இருபதாவது படி அதே வேலையைத்தான் செய்கிறது.

அதிகாரிகளையும் இதே தொனியில் எழுதுங்கள். புகாரின் பேரில் நகர மன்றத்திலிருந்து பணியாளர் ஒருவர் வருகிறார். ஏழாம் எண்ணை அழுத்துகிறார், ஏழில் நிற்கிறது. “சரியாகத்தானே நிற்கிறது, பாட்டி?” “நீங்கள் இருந்தால் நிற்கும், தம்பி.” அவர் கைப்பேசியில் ‘பழுது இல்லை’ என்று பதிந்துகொண்டு, பணிவாக விடைபெற்றுப் போய்விடுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. எத்தனையோ உண்மையான புகார்கள் இப்படித்தான் முடிகின்றன. இந்தக் காட்சியில் கோபத்தை ஒரு சொட்டுகூடச் சேர்க்காமல் எழுதிப் பாருங்கள், வாசகருக்கு வரும்.

படி 6: பதினான்கு வயதின் கண்ணால் பணத்தைப் பாருங்கள்

இந்த வயதினர் ‘வருமான வேறுபாடு’ என்று யோசிப்பதில்லை. யார் எந்தத் துணைப்பாட நிலையத்தின் பையை மாட்டிக்கொண்டு வருகிறார்கள், பள்ளிக் காலணி எத்தனை மாதம் தாங்குகிறது, குழுவாகச் சாப்பிடப் போகும்போது யார் ‘பசியில்லை’ என்கிறார்கள் என்றுதான் அளக்கிறார்கள். சீருடை வேறுபாட்டை மறைக்கிறது என்று பெரியவர்கள் நம்புகிறோம். பிள்ளைகள் சீருடைக்குக் கீழே ஒரு சாணில் எல்லாவற்றையும் படித்துவிடுவார்கள்.

கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டத்தில் பாடநூல், சீருடை, பள்ளி உணவுக்கு உதவி கிடைக்கிறது. நல்ல திட்டம்தான், கதையில் அதைத் திட்டித் தீர்க்கத் தேவையில்லை. கேண்டீன் வரிசையில் நிலா எந்த இடத்தில் நின்றால் பின்னால் இருப்பவருக்கு அவள் பணம் கொடுக்கும் விதம் தெரியாது என்று அவள் கணக்குப் போடுவதை மட்டும் எழுதுங்கள்.

உரையாடல் மொழி இங்கே ஒரு நிஜமான தலைவலி. நம் பிள்ளைகள் தங்களுக்குள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், பாட்டியிடம் தமிழில் பேசுகிறார்கள். எல்லாவற்றையும் இயல்பான தமிழில் எழுதிவிடுங்கள். யார் எந்த மொழியில் பேசினார் என்பதை அதிகாரம் கைமாறும் இடத்தில் மட்டும் குறிப்பிடுங்கள். வாடகை பாக்கி பற்றி வரும் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அம்மா வேலைக்குப் போயிருக்கிறார். பாட்டிக்குப் படித்துச் சொல்ல வேண்டியவள் நிலா. அவள் கடைசி வரியை விட்டுவிட்டுச் சொல்கிறாள். பாட்டி கடிதத்தை வாங்கி, புரியாத அந்தக் கடைசி வரியின் மேல் விரலை வைத்து, “இங்கே ஒன்றும் இல்லையா?” என்கிறார். வீட்டில் யார் பெரியவர் என்பது அந்த நொடியில் புரண்டுவிடுகிறது. இந்தக் காட்சிக்கு மாயம் தேவையே இல்லை. மாயக் காட்சி ஒன்று என்றால், இப்படிப்பட்ட காட்சிகள் குறைந்தது நான்கு இருக்கட்டும்.

அறிவுரை சொல்லும் ஆசிரியர் பாத்திரத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பள்ளிக் கட்டுரையில் நல்லொழுக்கத்தை வைத்து முடித்தே பழகிய கை நமக்கு. அது தானாக எழுதத் தொடங்கும். தடுத்து நிறுத்துங்கள்.

படி 7: ஊரின் நம்பிக்கைகளைக் கடன் வாங்கும்போது

மின்தூக்கிக் கதை பிடிக்கவில்லை, ஊரில் ஏற்கெனவே இருக்கும் நம்பிக்கையிலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைத்தால் அதற்கும் பஞ்சமில்லை. சீனர்களின் ஏழாம் மாதத்தில் மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி நடக்கும்போது முன்வரிசை நாற்காலிகளைக் காலியாக விடுவார்கள். அவை ஆவிகளுக்கு உரியவை. அந்தப் பேட்டையில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கும் அங்கே உட்காரக்கூடாது என்று தெரியும். செத்தவர்களுக்கு முன்வரிசை, பகலெல்லாம் நின்று வேலை பார்த்தவருக்குக் கடைசியில் நிற்க இடம்: கதை அங்கேயே கிடக்கிறது. ஆனால் உங்கள் கதைமாந்தர் அந்த நம்பிக்கையை எவ்வளவு தூரம் அறிவாரோ அவ்வளவு தூரம்தான் போகலாம். பிறர் வழிபாட்டை வேடிக்கைப் பொருளாக்கினால் அடுத்த வீட்டுக்காரர் முகத்தில் விழிக்க முடியாது. நம் சாமியாட்டத்தையும் நேர்த்திக்கடனையும் எழுதும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். அவை நமக்கு மாயமே இல்லை, வழக்கம், வழக்கமாகவே எழுதுங்கள்.

வெளிநாட்டு ஊழியர்களைப் பற்றி எழுத வருபவர்களுக்குத் தனியாக ஒரு சொல். லாரியில் போகும் அண்ணன்களைப் பார்த்து இரங்கும் கதைகள் போதுமான அளவு வந்துவிட்டன. 2014இல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டி, அவர்களிடையே எத்தனை கூர்மையான எழுத்தாளர்கள் இருக்கிறார்கள் என்று காட்டியது. அவர்கள் எழுதியதைப் படிக்காமல் அவர்களைப் பாத்திரமாக்க வேண்டாம். படித்த பிறகும், ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) அவர்களைக் கடந்து நடக்கும் உள்ளூர்ப் பிள்ளையின் பார்வையில் எழுதுவதே நேர்மை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பிள்ளை எங்கே கண்ணைத் திருப்பிக்கொள்கிறான் என்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம்.

படி 8: முடிவில் விலையை இடம் மாற்றுங்கள்

பாக்கி தீர்ந்தது, மின்தூக்கி நின்றது, எல்லாரும் சிரித்தார்கள் என்று முடித்தால் உபகாரச் சம்பளம் பின்வாசல் வழியாக வந்துவிட்டது. மின்தூக்கி நிற்கவே இல்லை, பாட்டி படிக்கட்டில் விழுந்தார் என்று முடிப்பதும் சோம்பேறித்தனம்தான்; துயரத்தைக் கூட்டினால் ஆழம் கூடிவிடாது.

நான் எழுதினால் இப்படிப் போவேன். அம்மா இரவு நேரத்தில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் இரண்டாவது வேலைக்குச் சேர்கிறார். சில மாதங்களில் பாக்கி தீர்கிறது. மின்தூக்கி ஏழில் நிற்கிறது. இப்போது பாட்டியை மருந்தகத்துக்கு நிலாவே அழைத்துப் போகலாம். ஷர்மிளாவை அழைக்கத் தேவையில்லை, அழைக்கவும் இல்லை. “ஏன் கூப்பிடுவதே இல்லை?” என்று ஷர்மிளா கேட்கும்போது நிலாவிடம் பதில் இல்லை. இரவில் வீட்டில் அம்மாவும் இல்லை. விதி நிறைவேறிவிட்டது, யாரும் விதியை மீறவில்லை, ஆனால் இரண்டு பேர் குறைந்துவிட்டார்கள். மின்தூக்கி ஏன் அப்படி இருந்தது என்ற விளக்கம் கடைசி வரை வரக்கூடாது.

படி 9: திருத்தமும் முதல் வாசகர்களும்

முதல் வரைவு முடிந்ததும் மாயத்தை மட்டும் நீக்கிவிட்டுக் கதையை வாசித்துப் பாருங்கள். அப்போதும் கதை அப்படியே நின்றால் மாயம் வெறும் அலங்காரம், அடித்துவிடலாம். பிறகு ‘திடீரென்று’, ‘விசித்திரமாக’, ‘மர்மமான’, ‘ஏழை’ ஆகிய சொற்களைத் தேடி நீக்குங்கள். கதையில் வரும் ஒவ்வொரு விதியையும் இன்றைய நடைமுறையோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். இங்கே விதிகள் அடிக்கடி மாறுகின்றன. பழைய தேர்வு முறையை இன்றைய மாணவனுக்கு மாட்டிவிட்டால் பதின்ம வயது வாசகர் முதல் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

வாசித்துக் காட்ட இரண்டு பேராவது வேண்டும்: கதையில் வரும் வயதுள்ள ஒருவர், கதையில் வரும் மாதிரி வீட்டில் வாழ்ந்த ஒருவர். இரண்டாமவரிடம் ‘நன்றாக இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள். ‘எந்த இடத்தில் பொய்யாகத் தெரிகிறது’ என்று கேளுங்கள். நண்பர்கள் வட்டத்துக்கு வெளியே கருத்து வேண்டுமென்றால் சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகத்தின் ‘கதைக்களம்’ நிகழ்ச்சி இருக்கிறது. மாணவர்களின் கதைகளும் அங்கே பேசப்படுகின்றன. நான்கு மொழிகளுக்குமான தங்கமுனை விருதுப் போட்டியில் தமிழ்ச் சிறுகதைக்கும் இடம் உண்டு. அனுப்புவதற்கு முன் அந்தந்த ஆண்டின் சொல் வரம்பையும் கெடுவையும் பார்த்துக்கொள்ளுங்கள். வரம்பைத் தாண்டியிருந்தால் முதலில் வெட்ட வேண்டியது மின்தூக்கியைப் பற்றிய வர்ணனையை; கடிதக் காட்சியைத் தொடாதீர்கள்.